மூத்த தாய்மாரும் உடற்பயிற்சியும்



தோட்டப்புறத்திலோ தாமான்களிலோ ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு தாயாரைப் பார்த்து, "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் மறுமொழி ஒன்றுதான். "பிரஷர் இருக்கு. மாத்திரை சாப்பிடுறேன்" என்பார்கள். இப்படிச் சொல்ல யாரும் வெட்கப்படுவதில்லை. 2019ஆம் ஆண்டு நம் நாட்டில் நடந்த தேசியச் சுகாதார ஆய்வில், வயது வந்தோரில் பத்துப் பேருக்கு மூவர் இரத்தக் கொதிப்பு உடையவர்களாகக் காணப்பட்டனர். அந்த அளவுக்கு அது வீட்டுக்கு வீடு பழகிப்போன நோய்.

ஆனால் இவ்வாறு மறுமொழி சொல்கிறவர்களில் சிலர் தங்கள் மாத்திரைப் பையில் வேறொரு மாத்திரையையும் வைத்திருக்கிறார்கள். அதன் பெயரைப் பெற்ற மகளிடம்கூடச் சொல்லாதவர்கள் உண்டு. அது எச்.ஐ.வி. கிருமிக்கான மாத்திரை. "பிரஷர்" என்ற சொல் அவர்களுக்கு ஒரு போர்வை போல உதவுகிறது. இந்த இரண்டையும் ஒரே உடம்பில் வைத்துக்கொண்டு வாழும் மூத்த தாய்மாரை உடற்பயிற்சிக்கு எவ்வாறு ஊக்குவிப்பது என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

"எச்.ஐ.வி.யா? பாட்டிமாருக்கா?" என்று சில நேயர்கள் வானொலியை நிறுத்தக் கை நீட்டக்கூடும். சற்றுப் பொறுத்திருங்கள். நம் நாட்டில் இந்தக் கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986ஆம் ஆண்டில். அதற்குப் பிந்திய ஆண்டுகளில் இது பெரும்பாலும் போதைப்பொருள் ஊசியைப் பகிர்ந்துகொண்ட ஆண்களிடையே பரவிற்று. அந்த ஆண்களில் பலருக்கு மனைவிமார் இருந்தனர். கணவனுக்கு என்ன நோய் என்பதை அறியாமலே அந்தப் பெண்கள் அதைப் பெற்றுக்கொண்டனர். 1998ஆம் ஆண்டு முதல் அரசாங்கக் கிளினிக்குகளில் கருவுற்ற பெண்களுக்கு இந்தக் கிருமிக்கான பரிசோதனை நடைமுறைக்கு வந்தது. பிள்ளைப்பேற்றுக்குப் பெயர் பதியப் போன இடத்தில்தான் தங்களுக்குக் கிருமி இருப்பதைப் பெண்கள் சிலர் அறிந்தனர். அந்தப் பரிசோதனையினாலும் சிகிச்சையினாலும் நேர்ந்த நன்மை பெரிது. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் மேகப்புண் நோயும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2018ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவை அறிவித்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் அந்தத் தகுதியைப் பெற்ற முதல் நாடு நம்முடையது.

அன்று முப்பது வயதில் அந்தச் செய்தியைக் கேட்ட பெண்ணுக்கு இன்று அறுபது நெருங்குகிறது. அவர் வயிற்றில் இருந்த குழந்தை வளர்ந்து, மணமுடித்து, அவரைப் பாட்டியாக்கியும் இருக்கலாம். இது முன்பு யாரும் எதிர்பாராத நிலை. 1996ஆம் ஆண்டில் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சை வருவதற்கு முன்னர், எச்.ஐ.வி. என்றால் சில ஆண்டுகளில் முடிவு என்றே கருதப்பட்டது. இன்று மாத்திரையை ஒழுங்காக உட்கொள்பவரின் இரத்தத்தில் கிருமி, பரிசோதனையில் தென்படாத அளவுக்கு அடங்கிவிடுகிறது. அப்படி அடங்கி இருப்பவரிடமிருந்து உடலுறவின் வழியாகக்கூடப் பிறருக்கு அது பரவுவதில்லை என்பது ஐயமின்றி மெய்ப்பிக்கப்பட்டிருக்கிறது. வியர்வையினாலோ, கைகோத்து நடப்பதனாலோ, ஒரே குவளையில் நீர் பருகுவதனாலோ அது ஒருகாலும் பரவாது. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் பின்னால் வரும்.

ஆக, கிருமி அடங்கிவிட்டது, ஆயுள் நீண்டுவிட்டது. நீண்ட ஆயுளோடு முதுமையின் நோய்களும் வந்து சேர்ந்தன. அவற்றுள் முதன்மையானது இதய நோய். எச்.ஐ.வி. உடையவர்களுக்கு மாரடைப்பு முதலிய நோய்கள் வரும் வாய்ப்பு மற்றவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ இரு மடங்கு எனக் கணக்கிட்டிருக்கிறார்கள். கிருமி அடங்கியிருந்தாலும் உடம்பின் காவல்படை முற்றாக ஓய்வதில்லை; உள்ளே கனன்றுகொண்டே இருக்கும் அந்த அழற்சி இரத்தக் குழாய்களின் உட்சுவரைப் பழுதாக்குகிறது. அதன்மேல் இரத்தக் கொதிப்பும் சேர்ந்தால் குழாய்களுக்கு இரட்டைச் சுமை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இயல்பாகவே இருந்த ஒரு பாதுகாப்பும் குறைந்துவிடுகிறது. எலும்பும் மெலிகிறது. எனவே முப்பது ஆண்டாகக் கிருமியை வென்று வந்த ஒரு தாயார், கடைசியில் பக்கவாதத்தால் படுத்துவிடக்கூடும். அதைத் தடுக்க முடியும் என்பதனால்தான் இந்த உரை.

இரத்த அழுத்தம் என்றால் என்ன? பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை விளக்குவது எளிது. விடியுமுன்னே ஏன் மரம் வெட்டப் போனோம்? அந்த நேரத்தில் மரத்தின் உள்ளே அழுத்தம் மிகுந்திருக்கும். உளி பட்டவுடன் பால் நன்றாக வடியும். வெயில் ஏறியதும் இலைகள் நீரை ஆவியாக விடும், அழுத்தம் குறையும், மங்கில் பால் சொட்டுவதும் குறையும். மனித உடம்பிலும் இரத்தம் ஓடுவதற்கு அழுத்தம் தேவைதான். இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது உள்ள அழுத்தம் மேல் எண். இதயம் விரிந்து இளைப்பாறும்போது உள்ளது கீழ் எண். 120க்கு 80 என்றால் நல்லது. மீண்டும் மீண்டும் பார்த்தும் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் நின்றால் அது நோய். வயது ஏற ஏறக் குழாய்கள் வெயிலில் கிடந்த ரப்பர்க் குழாய் போல விறைத்துப் போவதும், உப்பு மிகுவதும், எடை கூடுவதும், அசைவின்றி உட்கார்ந்திருப்பதும் இதற்குக் காரணங்கள்.

நடக்கும்போது நிகழ்வது என்ன? கால் தசைகள் இரத்தம் கேட்கின்றன. இரத்தம் விரைந்து ஓடும்போது குழாயின் உட்சுவர் ஒரு பொருளைச் சுரக்கிறது. அது குழாயைத் தளர்த்தி விரிக்கிறது. நடந்து முடித்த பின்னும் சில மணி நேரத்துக்கு அழுத்தம் சற்றுத் தாழ்ந்தே இருக்கும். இதனால்தான் வாரத்தில் ஒரு நாள் மூச்சிரைக்க நடப்பதைவிட நாள்தோறும் அளவாக நடப்பது பயன் தருகிறது. இரத்தக் கொதிப்பு உள்ளவர் தொடர்ந்து பல வாரங்கள் நடந்து வந்தால் மேல் எண் 5 முதல் 8 வரை இறங்கக் காண்கிறோம். பார்ப்பதற்குச் சிறிய எண்ணாகத் தோன்றும். ஒரு மாத்திரை செய்யும் வேலைக்கு அது ஏறத்தாழ ஒப்பாகும். ஆயினும் மாத்திரைக்கு மாற்றாக அதைக் கொள்ளலாகாது.

இயங்கும் உடம்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை முதலில் எண்ணிக் காட்டியவர்களுள் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் ஒருவர். லண்டன் மாநகரில் ஓடிய இரட்டை மாடிப் பேருந்துகளை அவர் கவனித்தார். ஓட்டுநர் நாள் முழுதும் உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டரோ டிக்கெட் கொடுக்கப் படியேறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஒரே பேருந்து, ஒரே புகை, ஒரே நகரம். ஆனால் ஓட்டுநர்களைவிடக் கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. இந்த ஆய்வு 1953ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2020ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட உடலியக்க வழிகாட்டியில் இரத்தக் கொதிப்பு உள்ளவர்களையும் எச்.ஐ.வி. உள்ளவர்களையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான இயக்கம். வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. முதியோருக்கு மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்கப் பழகும் பயிற்சி. இவர்களுக்குப் பயிற்சி ஆகாது என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் அந்த எண்ணத்தை விட்டுவிடலாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். உடற்பயிற்சி கிருமியைக் குறைக்காது. கிருமியை அடக்குவது மாத்திரை மட்டுமே. பயிற்சி தருவது வேறு: மூச்சுக்குத் தெம்பு, காலுக்கு வலு, இரவில் உறக்கம், மனத்துக்கு இலேசு. 2023ஆம் ஆண்டில் முடிவு வெளியான ஒரு பெரிய ஆய்வில், 12 நாடுகளைச் சேர்ந்த, 40 முதல் 75 வயது வரையுள்ள எச்.ஐ.வி. உடைய 7,769 பேர் கலந்துகொண்டனர். கொழுப்பைக் குறைக்கும் பிட்டாவாஸ்டாட்டின் என்ற மாத்திரையை உட்கொண்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் முதலியவை 35 விழுக்காடு குறைந்தன. அது மாத்திரையைப் பற்றிய ஆய்வுதான். நடையைப் பற்றியது அன்று. ஆனாலும் இவர்களுடைய இதய நோய் விதி என்று விட்டுவிட வேண்டியதில்லை, முயன்றால் தடுக்கக் கூடியது என்பதற்கு அதுவும் ஒரு சான்று. தமக்கு அம்மாத்திரை வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்பதில் தவறில்லை.

இனி, தாய்மாரின் பக்கம் வருவோம். "நடங்கள் அம்மா" என்று சொன்னவுடன், "நடக்காத நடையா? எல்லாம் நடந்தாச்சு" என்பார்கள். இந்த மறுமொழியை நாம் சிரித்துத் தள்ளக்கூடாது. இருட்டில் எழுந்து, பிரட்டுக்கு நின்று, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரை பிடித்து, நானூறு ஐந்நூறு மரம் வெட்டி, மறுபடி அதே மரங்களைச் சுற்றிப் பால் எடுத்து, காண்டா வாளி சுமந்து ஸ்டோருக்கு வந்தவர்கள் அவர்கள். மேடும் பள்ளமும் அட்டையும் கொசுவும் நிறைந்த அந்த நடைக்குக் கூலி கிடைத்தது; ஓய்வு கிடைக்கவில்லை. பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. லயத்து வீட்டை விட்டுத் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் வந்தவர்களுக்கு, சும்மா உட்கார்ந்து தொலைக்காட்சி பார்ப்பதே வாழ்வில் கண்ட முதல் சுகம். அதைக் கெடுக்க ஒருவர் வந்து "நடங்கள்" என்றால் கசப்பாகத்தானே இருக்கும்?

ஆனால் உடம்பு பழைய உழைப்பைச் சேமித்து வைத்துக்கொள்வதில்லை. பத்தாண்டுக்கு முன் நடந்த நடை இன்றைய இரத்தக் குழாயைத் தளர்த்தாது. இது உழைத்தவர்களுக்கு நியாயமாகப்படாது. நமக்கும் அப்படித்தான் படுகிறது. இருந்தாலும் உடம்பின் கணக்கு அதுதான்.

"வீட்டு வேலை செய்கிறேனே, அது போதாதா?" என்பது அடுத்த கேள்வி. வீட்டு வேலையும் கணக்கில் சேரும். மூச்சு சற்று விரைவாகும் அளவுக்குக் கூட்டுவது, துடைப்பது, துணி அலசிப் பிழிவது, பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியேறுவது எல்லாம் உடலியக்கமே. அடுப்பருகில் நின்று குழம்பு கிண்டுவதை மட்டும் சேர்க்க வேண்டாம்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய தடை ஒன்று உண்டு. எச்.ஐ.வி. உடைய தாயார் ஒருவர் மாலையில் திடலுக்கு நடக்க வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாலு பெண்கள் கூடும் இடத்தில் நோய்க்கதை வராமல் இராது. "உங்களுக்கு என்ன மாத்திரை? எந்தக் கிளினிக்? ஏன் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறீங்க? ஏன் இப்படி மெலிஞ்சிட்டீங்க?" கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர்; பேச்சுக்குக் கேட்கிறார்கள். ஆனால் அந்தத் தாயாருக்கு ஒவ்வொரு கேள்வியும் ஒரு முள். முப்பது ஆண்டு காத்த இரகசியம் ஒரு மாலைப் பேச்சில் அவிழ்ந்துவிடுமோ என்று அஞ்சுகிறார். மகளின் சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால்? கோயில் அன்னதானத்தில் தன்னைக் காய் நறுக்க விடுவார்களா? ஆகவே, "முட்டி வலிக்குது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் இருந்துவிடுகிறார். முட்டியும் வலிப்பது உண்மைதான். ஆனால் அவரை வாசலுக்குள் நிறுத்துவது அந்த வலி மட்டும் அன்று.

இந்தத் தாயாரை வெளியே கொண்டுவர அவருடைய நோயின் பெயர் நமக்குத் தெரிய வேண்டுமா? வேண்டியதே இல்லை. இதுதான் நாம் இன்று நேயர்களிடம் வற்புறுத்த விரும்புவது. "எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கான நடைக்குழு" என்று ஒன்றை ஒரு சிற்றூரில் தொடங்கினால் யார் வருவார்கள்? "பிரஷர் உள்ளவர்கள் மாலையில் சேர்ந்து நடப்போம்" என்று சொல்லுங்கள், எல்லாரும் வரலாம். பத்துப் பேர் நடக்கும் வரிசையில் அவரும் ஒருவராக இருப்பார். அந்த வரிசைக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு போதும்: நடக்கும்போது மருந்தைப் பற்றியும் கிளினிக் கார்டைப் பற்றியும் யாரும் யாரையும் கேட்பதில்லை. பேசுவதற்கா விஷயம் இல்லை? நாடகத் தொடர் இருக்கிறது. மீன் விலை இருக்கிறது. கோயில் திருவிழா இருக்கிறது. கோயில் மாதர் பிரிவிலோ பள்ளிப் பெற்றோர் சங்கத்திலோ பொறுப்பில் இருப்பவர்கள் இந்தக் கட்டுப்பாட்டைத் தாமே முதலில் கடைப்பிடித்தால் மற்றவர்களும் பழகிக்கொள்வார்கள். ஒருவேளை ஒருவருடைய நோய் எப்படியோ தெரிய வந்துவிட்டால், முன்பு சொன்னோமே, வியர்வையும் தொடுகையும் குவளையும் ஒன்றும் செய்யா என்று, அதை நினைவிற்கொண்டு மறுநாளும் அவருக்கு அருகிலேயே நடங்கள்.

வீட்டில் உள்ளவர்கள் செய்யக்கூடியது இன்னும் அதிகம். கட்டளையிடுவது பயன் தராது. "டாக்டர் சொன்னாரில்ல, ஏன் நடக்க மாட்டேங்கிறீங்க?" என்று மருமகள் கேட்டால், மாமியாருக்கு அது குற்றப்பத்திரிகை வாசிப்பதாகவே படும். அதே மருமகள், "அத்தை, கடை வரைக்கும் போகணும். தனியாப் போக ஒரு மாதிரியா இருக்கு, கூட வாங்களேன்" என்று அழைத்தால், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். தாம் துணைக்குப் போவதாக அவர் எண்ணட்டும். அதில் பொய் ஒன்றும் இல்லை. பேரப்பிள்ளைகள் இன்னும் கெட்டிக்காரர்கள். மூன்றாம் ஆண்டில் படிக்கும் பிள்ளையிடம், "உன் பாட்டி ஒரு வாரத்தில் எத்தனை நிமிடம் நடந்தார் என்று தாளில் குறித்து வா" என்று கணக்குப் பாடத்துக்கு வேலை கொடுத்தால், அந்தப் பிள்ளை பாட்டியை விடுமா? கூட்டல் கணக்கும் கற்றுக்கொள்ளும், பாட்டியும் நடப்பார். ஆசிரியத் தோழர்கள் இதைச் செய்து பார்க்கலாம்.

எப்படித் தொடங்குவது? முதல் வாரம் ஐந்து நிமிடம் போதும். வீட்டு வாசலிலிருந்து சாலை முனை வரை போய்த் திரும்புவது. அடுத்த வாரம் எட்டு நிமிடம், பிறகு பத்து. இரண்டு மூன்று மாதத்தில் ஒரு நாளைக்கு அரை மணி, வாரத்துக்கு ஐந்து நாள் என்று வந்துவிட்டால் 150 நிமிடம் ஆயிற்று. அந்த அரை மணியை ஒரேயடியாக நடக்க வேண்டும் என்பதும் இல்லை; காலையில் பத்து, மாலையில் இருபது என்று பிரித்துக்கொள்ளலாம். காற்பந்துத் திடலை மூன்று முறை சுற்றினால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். எவ்வளவு வேகம்? கூட வருபவருடன் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. இந்த அளவுகோலுக்குக் கடிகாரமும் வேண்டாம், நாடி பிடித்துப் பார்க்கவும் வேண்டாம். இரத்தக் கொதிப்புக்குச் சிலர் உட்கொள்ளும் மாத்திரைகள் நாடித்துடிப்பை மெதுவாக்கிவிடுவதால், துடிப்பை எண்ணுவது அவர்களுக்குச் சரியான வழியும் ஆகாது.

பயிற்சிக் கல்லூரியில் உடற்கல்வி வகுப்பில் நாம் படித்த ஒரு விதி பாட்டிமாருக்கு மாணவர்களைவிட அதிகமாகப் பொருந்தும். தொடக்கத்தில் மெதுவாக நடந்து உடம்பைச் சூடேற்ற வேண்டும். முடிவிலும் மெதுவாக நடந்து ஆற விட வேண்டும். விரைந்து நடந்தவர் சட்டென்று நின்றால் இரத்தம் காலில் தங்கித் தலை சுற்றும். இரத்தக் கொதிப்பு மாத்திரை உட்கொள்பவர்களுக்கு இது எளிதில் நேரும்.

தசைக்கு வலுவூட்ட இயந்திரம் தேவையில்லை. கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கையை ஊன்றாமல் எழுந்து உட்காரவும். முதலில் ஐந்து முறை, நாளடைவில் பத்து. கழிவறையிலிருந்து எழவும் பேருந்தில் ஏறவும் வேண்டிய வலு இதில்தான் இருக்கிறது. அரை லிட்டர் தண்ணீர் நிரப்பிய இரண்டு போத்தல்களைக் கைக்கு ஒன்றாகத் தூக்கி இறக்கலாம். தூக்கும்போது மூச்சை அடக்கக்கூடாது. அடக்கினால் அழுத்தம் திடீரென்று ஏறும். வாய்விட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சு தானாக வெளியேறும். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவதும், ஒரு காலின் முன் மறு காலை வைத்துப் பத்து எண்ணும் வரை நிற்பதும் தடுமாற்றத்தைக் குறைக்கும். எலும்பு மெலிந்தவர் கீழே விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம். அதன் பின் படுக்கைதான்.

நெடுங்காலமாகச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. முன்னாளில் பல நாடுகளில் கொடுக்கப்பட்ட ஸ்டாவுடின் என்ற எச்.ஐ.வி. மருந்து, கால் நரம்புகளைப் பாதித்து மரத்துப்போகச் செய்வதும், கை கால் கன்னங்களில் கொழுப்பைக் கரைத்து மெலியச் செய்வதும் உண்டு. 2009ஆம் ஆண்டில் அதைப் படிப்படியாகக் கைவிடுமாறு உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்திற்று. அந்த மருந்து போய்விட்டாலும் மரத்துப்போன பாதம் சிலரிடம் அப்படியே இருக்கிறது. கல் குத்தினாலும் தெரியாது. இவர்கள் ஜப்பான் சிலிப்பருடன் நடப்பதைத் தவிர்த்து, கட்டுள்ள சப்பாத்து அணிய வேண்டும். வீடு திரும்பியதும் விளக்கு வெளிச்சத்தில் பாதத்தைப் பார்க்க வேண்டும். பாட்டிக்குக் கண் மங்கல் என்றால் பேத்தி பார்க்கட்டும்.

நடக்க வேண்டாத நாள்களும் உண்டு. காய்ச்சல் உள்ள நாள். மேல் எண் 180ஐயோ கீழ் எண் 110ஐயோ எட்டிய நாள். அப்படி எண் ஏறினால் நடை திடலை நோக்கி வேண்டாம், கிளினிக்கை நோக்கி இருக்கட்டும். நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ வலி, கண் இருட்டல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் ஏற்பட்டால் உடனே உட்கார வேண்டும். குறையாவிட்டால் 999க்கு அழைக்க வேண்டும். முகம் ஒரு பக்கம் கோணுவதோ, பேச்சு குழறுவதோ, ஒரு பக்கத்துக் கை தளர்வதோ பக்கவாதத்தின் அறிகுறி. "கொஞ்சம் படுத்தால் சரியாகும்" என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்க அப்போது நேரமில்லை.

மருந்தைப் பற்றி ஒரு சொல். அக்கம்பக்கத்தாரிடம் இரகசியம் காப்பது ஒருவரின் உரிமை. ஆனால் டாக்டரிடம் அது ஆகாது. எச்.ஐ.வி.க்கு ஓர் ஆஸ்பத்திரி, பிரஷருக்கு வேறொரு கிளினிக் என்று போகும் தாய்மார் சிலர், இரண்டாவது டாக்டரிடம் முதல் மாத்திரையைச் சொல்வதில்லை. எச்.ஐ.வி. சிகிச்சையில் ரிட்டோனாவிர் சேர்ந்த மாத்திரைகள், இரத்தக் கொதிப்புக்கான அம்லோடிப்பின் போன்றவற்றின் வலிமையை இரத்தத்தில் கூட்டிவிடும். அழுத்தம் மிகவும் இறங்கி, கால் வீங்கி, நடக்கும்போது மயக்கம் வரலாம். டொலுட்டெகிராவிர் என்ற மாத்திரையை வெறும் வயிற்றில் சுண்ணாம்புச் சத்து மாத்திரையோடோ இரும்புச்சத்து மாத்திரையோடோ சேர்த்து விழுங்கினால் அது சரியாக உடம்பில் சேராது. பெயர் நினைவில்லை என்றால் எல்லா மாத்திரை உறைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச்சென்று டாக்டரின் மேசையில் வைத்துவிடலாம். வாய் திறந்து ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. நோயாளியின் செய்தியை வெளியே சொல்லாதிருப்பது டாக்டருக்கும் மிஸ்ஸிக்கும் உரிய கடமை. "நடக்கிறேன், எண் இறங்கிவிட்டது" என்று மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் கூடாது. குறைப்பதா என்பதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

உப்பைப் பற்றி விரிவாகப் பேச நேரமில்லை. நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டிக்குக் குறைவாக, அதாவது 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். கருவாடு, ஊறுகாய், கீச்சாப்பு, உடனடி மீயின் தூள் ஆகியவற்றில் உள்ள உப்பும் அதில் அடக்கம்.

இறுதியாக, நம் நாட்டு வானிலை. வெயில் ஏறுமுன் காலை எட்டு மணிக்குள்ளோ, மாலை ஐந்தரைக்கு மேலோ நடப்பது நலம். சிறுநீர் பெருக்கும் மாத்திரை உட்கொள்பவர்கள் கையில் தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் கிளம்ப வேண்டாம். சஷ்டி, கார்த்திகை என்று விரதம் இருக்கும் நாளில் மெதுவாக நடந்தால் போதும். மாத்திரைக்கு விரதம் கிடையாது. புகைமூட்டக் காலத்தில் காற்றின் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளியே நடப்பதை நிறுத்தி, நாற்காலிப் பயிற்சியை வீட்டுக்குள் செய்யலாம். மழைக்காலத்தில் கோயில் மண்டபமோ, பள்ளிக்கூடத்து நடைவழியோ திறந்திருக்கும். பள்ளி நடைவழி வேண்டுமென்று தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்; பிற்பகல் வகுப்புகள் முடிந்த பிறகு அது பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கிறது.